ஹவில்தார் குழாயைப் பிடித்த கதை

1

இந்தக் கதை, ஒரு வாக்குவாதத்தில் நான் வாயடைத்துப் போனதால் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் நடுநிலையாளன் மாதிரி வேஷம் கட்டினால் நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது.

அறுபத்தாறாம் வருஷம். பம்பாயில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ரேஷன் கடையில் அரிசி இல்லை, ஆபீசில் வேலை ஓடவில்லை, எல்லோருக்கும் யார் மீதாவது கோபம். மாட்டுங்காவில் ஒரு காபி ஹோட்டலில் நானும் என் ஆபீஸ் நண்பர் சந்திரமௌலியும் உட்கார்ந்திருந்தோம். ஆப்பிரிக்காவில் இன்னொரு தேசத்தைப் பட்டாளம் பிடித்துக்கொண்ட செய்தி பேப்பரில் வந்திருந்தது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"நமக்கும் ஒரு ஜெனரல் வரணும் ஓய். ஒரு வருஷம் போறும். பதுக்கறவன்லாம் உள்ள போவான், ரயில் நேரத்துக்கு ஓடும். அப்பறம் ஓட்டுப் பெட்டியத் தூக்கிண்டு வாங்கோ, யார் வேண்டாம்னா?"

"வருஷம் முடிஞ்சும் அவர் போகலைன்னா?"

"நன்னா ஆளறவரை எதுக்கு ஓய் போகச் சொல்லணும்?"

பர்மாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு, கட்டிய துணியோடு கப்பலேறி வந்த என் உறவுக்காரர்களைச் சொன்னேன். "அது கெட்ட ஜெனரல். நான் நல்ல ஜெனரலைச் சொல்றேன்" என்று ஒரே போடாகப் போட்டார். காபி ஆறிப்போயிற்று.

வாதத்தில் தோற்றவனுக்குக் கதை எழுதத் தோன்றும். கதையில் எதிராளியை நம் இஷ்டத்துக்கு உளறவைக்கலாம் பாருங்கள். ஆனால் எனக்கு ஜெனரல் யாரையும் தெரியாது. என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்த வாரத்தில், தாராவி வழியாக பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே திருநெல்வேலித் தமிழில் ஒரு பெண் குரல் கேட்டது:

"எந்த நாசமாப் போறவன் என் ஆளத் தூக்கிச் சாக்கடையில போட்டது?"

எனக்குத் திக்கென்றது. தலையை நீட்டிப் பார்த்தேன். ஒரு தெருக்குழாய், குடங்கள், ஜனங்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விளக்கினார். அந்தத் தெருவில் தண்ணீர் வரிசையில் இடம் பிடிக்க ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்களாம். அந்தக் கல்லுக்குப் பெயர் 'ஆள்'. ஆளுக்கு ஓர் ஆள்.

ஒரு கல்லுக்கு ஆள் என்று பெயர்! அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தேன். (மற்றதெல்லாம் என் கற்பனை. அந்தத் தெருவில் போய் ஹவில்தாரைத் தேடாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "தாராவியில் பொழுது விடிவதற்கு முன்பே—"

எல்லாக் கதையும் பொழுது விடிவதற்கு முன்பே தொடங்கினால் தூங்குகிறவர்கள் எப்போது தூங்குவது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அதிகாரம் என்பது மக்கள் தரும் ஒரு—"

இது கட்டுரை. சந்திரமௌலி கொட்டாவி விடுவார்.

மூன்றாவது: பேராச்சி கத்தினாள்.

இது நிற்கிறது. பேராச்சி யார் என்று சொல்லிவிடுகிறேன். இட்லி அவித்து விற்கிறவள். அரிசி ஊறவைக்க, ஆட்ட, பாத்திரம் கழுவ என்று அவள் பிழைப்பே தண்ணீரில் ஓடுகிறது. தண்ணீர் வராத நாளில் அடுப்பு எரியாது. அவள் புருஷன் சுயம்பு, தெருக் கமிட்டியின் செக்ரட்டரி. தெருவே கூடிக் கைதூக்கித் தேர்ந்தெடுத்த செக்ரட்டரி. தெருக்குழாயைப் பூட்டிவைக்கிற பெட்டியின் சாவி அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அந்தச் சாவியால் அவன் பெண்டாட்டிக்கு ஒரு குடம் தண்ணீர்கூட அதிகமாகக் கிடைத்ததில்லை. அவ்வளவு நேர்மையானவன். அவ்வளவு கையாலாகாதவனும்தான்.

சோடாக் கம்பெனி மாசானத்துக்கு வரிசையில் ஓர் ஆள் போதாது. முன்னாலேயே ஒரு டஜன் ஆட்களை நிறுத்திவிடுவார். எல்லாம் நல்ல கருங்கல் ஆட்கள். சுயம்பு ஞாயிறுதோறும் கூட்டம் போடுவான். "வீட்டுக்கு ஒரு ஆளுதான் வைக்கணும்" என்று தீர்மானம் வரும். மாசானம் உட்பட எல்லோரும் கைதூக்குவார்கள். திங்கட்கிழமை காலை டஜன் ஆட்களும் பழையபடி நிற்பார்கள். பேராச்சியின் ஆள் பின்னால் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு, அன்றைக்குச் சாக்கடையிலேயே விழுந்துவிட்டது.

அதனால்தான் பேராச்சி கத்தினாள்.

"ஐயோ! என் ஆளச் சாக்கடையில தள்ளிட்டானுவளே! யாராவது எடுங்களேன்!"

3

ஞானராஜ் அப்போது தங்கை வீட்டு வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் ஆற்றுக்குப் பாலம் போடுகிற பிரிவில் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர். தெருவுக்குப் புதுசு. கல்லுக்கு ஆள் என்று பெயரிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒருத்தி தன் ஆளை எடுக்கச் சொல்லிக் கத்துகிறாள் என்றால் அது அவள் புருஷன்தானே.

ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். பெரிய சாக்கடை அது. யோசிக்காமல் குதித்தார். இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் கைவிட்டுத் துழாவினார்.

"எந்தப் பக்கம் விழுந்தாரு? மூச்சு இருந்துச்சா தாயி?"

பேராச்சிக்குப் புரியவில்லை. "உங்க காலடிலதான் அண்ணாச்சி கெடக்கும். கறுப்பா, ஒரு மூலை ஒடஞ்சிருக்கும்."

அவர் குனிந்து, மூழ்கி, எழுந்தார். கையில் கல்.

"இதா ஆளு?"

"அதேதான் அண்ணாச்சி."

தெரு உருண்டு புரண்டு சிரித்தது. பேராச்சியும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தலையிலிருந்து சாக்கடை வழிய, அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். இதை எழுதும்போது எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒருவனுக்காக அந்த நரகத்தில் குதித்த மனுஷன் அவர். தெருவில் வேறு யார் குதித்திருப்பார்கள்? நான் குதித்திருப்பேனா?

மேலே ஏறி வந்து வரிசையைப் பார்த்தார். கல்லும் உடைந்த டப்பாவும் செங்கலுமாக நீண்டிருந்தது.

"இதெல்லாம் ஆளுன்னா, ஆளுவ எங்க?"

ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சாக்கடையில் போட்டார். மாசானத்தின் கருங்கற்களையும் போட்டார். பிறகு சுயம்புவின் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"தம்பி, சாவியக் குடு. மழை வரட்டும், திருப்பித் தாரேன்."

சுயம்பு கொடுத்துவிட்டான்.

அவ்வளவுதான். துப்பாக்கி வெடிக்கவில்லை, ரேடியோ நிலையத்தை யாரும் வளைக்கவில்லை. கைதூக்கி நடந்த ஆட்சி கைநீட்டியதில் முடிந்துவிட்டது. ஹவில்தார் ஒரு விசில் ஊதினார். "சீதா லைன்! நேரா நில்லுங்க! ஆள் நிக்கணும். கல்லு நிக்கப்படாது. வேலைக்குப் போறவுக முன்னால, பிள்ளத்தாச்சி அடுத்தால, கம்பெனி கடைசியில." மாசானம் ஏதோ சொல்ல வந்தார். ஹவில்தாரின் சாக்கடை வழிகிற முகத்தைப் பார்த்தார். கடைசியில் போய் வாளியோடு நின்றார்.

அன்று தண்ணீர் தெருவின் கடைசி வீடுவரை கிடைத்தது. பேராச்சி தன் குடம் நிறைவதைப் பிரமித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். விளிம்பு தாண்டி வழிந்த பிறகும் அவளுக்குக் குடத்தை எடுக்கத் தோன்றவில்லை. நிறைந்த குடத்தை அவள் அந்தக் குழாயடியில் பார்த்ததே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் அதைவிட ஆச்சரியம். அவர் தரையைத் தோண்டி, ஒழுகிய பைப்பைத் தன் கையாலேயே அடைத்தார். குழாயடிக்குக் கல் பாவினார். தன் தங்கையை, வேலைக்குப் போகாதவள் என்பதால், வரிசையின் பின்னால் நிறுத்தினார். சொந்தத்துக்கு ஒரு சொட்டுக்கூட முன்னால் போகவில்லை. பேராச்சியின் இட்லி வியாபாரம் இரண்டு மடங்காயிற்று. அவரைக் கண்டால் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். கோயிலில் நிற்கிற மாதிரி நிற்பாள்.

4

[இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன்.

ஹவில்தார், மாசானத்திடம் லஞ்சம் வாங்குவதாக எழுதியிருந்தேன். சந்திரமௌலியை மடக்க அதுதான் சுலபமான வழி. சோடா பாட்டிலை நீட்டவைத்தேன், வாங்க மறுத்துவிட்டார். தங்கை மகள் கல்யாணத்தைக் காரணமாக வைத்து எழுதினேன். அப்போதும் அவர் கை நீளவில்லை. சாக்கடையில் குதித்த ஆளை, நான் ஜெயிப்பதற்காகத் திருடனாக்குவது எனக்கே அருவருப்பாக இருந்தது. தவிர, "அது கெட்ட ஜெனரல்" என்று சந்திரமௌலி மறுபடியும் தள்ளிவிடுவார்.

ஆகவே ஹவில்தார் நல்லவராகவே இருக்கட்டும். கடைசி வரைக்கும். என் கதை அவரிடம் தோற்றாலும் சரி.]

5

சுயம்புவை நான் கோமாளியாகத்தான் கொண்டுவந்தேன். அவன் என்னடாவென்றால் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

வெயிலில் சயான் ஸ்டேஷன் வரை நடந்து போய், அங்கே குழாயில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மறுபடி தாகமெடுக்கும். தெருவில் எல்லோரும் கேலி செய்தார்கள். பேராச்சிக்கு மானம் போயிற்று.

"யாருக்கு நட்டம்? தொண்ட வத்திச் செத்துப் போவிய."

"இது கப்ஜாடி. ஊரான் சாமானப் பிடுங்கி வச்சிருக்காரு. நான் செயிச்சு வந்தவன். தெருவே கை தூக்குச்சு."

"கை தூக்குனாவ. தண்ணி வந்துச்சா?"

"வரல." அவன் அதை ஒப்புக்கொண்டான். "அதுக்கு நீ என்னய என்ன பேச்செல்லாம் பேசுன! குழாயடியில வச்சே காறித் துப்புன. தெருவே துப்புச்சு. நானும் தொடச்சிக்கிட்டுக் கூட்டம் போட்டேன். இப்ப அவர ஒரு வார்த்த பேசிப் பாரு."

"அவிய என்ன தப்பு செஞ்சாவ, நான் பேசதுக்கு?"

"செய்யும்போது பேசுவியா?"

"பேசுவேன்" என்றாள் பேராச்சி. குழாயடியில் அவள் வாய்க்கு அகப்படாமல் தப்பித்தவர் யாருமில்லை. தெருவுக்கே தெரியும்.

(சந்திரமௌலி இந்த இடத்தைப் படித்துவிட்டு, "இது நீர் பேசறது ஓய், சுயம்பு இல்லை" என்றார். இருக்கலாம். ஆனால் வெயிலில் சயானுக்கு நடந்தது நான் இல்லை. நான் அவனை வீட்டிலேயே படுக்கவைத்திருந்தேன். அவனாக எழுந்து போனான்.)

6

அக்தர் பானு பேராச்சிக்குப் பக்கத்து வீடு. கடையநல்லூர்ப் பெண். மடியில் கைக்குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, அதைத் தூங்கவைத்துவிட்டு ஓடிவந்த அன்று, விசில் ஊதி வரிசை மூடியாகிவிட்டது. விசிலுக்குப் பின் வருகிறவர்களுக்கு அன்று தண்ணீர் கிடையாது. ஹவில்தாரின் சட்டம் அது. அவர் தங்கைக்கும் அதே சட்டம்தான்.

"நாளைக்கு வா தாயி" என்றார். குரலில் கோபமில்லை.

அக்தர் பானு வெறுங்குடத்தோடு நின்றாள். பழைய நாளாக இருந்தால் அந்நேரம் குழாயடி ரெண்டுபட்டிருக்கும். "சின்னப் புள்ளக்காரிய நிக்க வைக்கிய, வெளங்குவியளா?" என்று பேராச்சிதான் முதலில் பாய்ந்திருப்பாள். யாராவது கூச்சலோடு கூச்சலாக அந்தக் குடத்தை நடுவில் நுழைத்திருப்பார்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். பேராச்சிக்கு வாய்வரை வந்தது. ஹவில்தாரின் முகத்தைப் பார்த்தாள். எல்லோருமே அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

அக்தர் பானு திரும்பி நடந்தாள்.

மத்தியானம் ஹவில்தாருக்குக் குழந்தையின் காய்ச்சல் விஷயம் தெரிந்தது. இனி நடந்ததைக் கேளுங்கள், ஏனென்றால் இங்கேதான் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு அவள் வாசலில் போய் நின்றார். "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரு தாயி" என்றார். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து, அந்தத் தாழ்ந்த வாசலில், ஒரு சின்னப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டது. அன்றே புதுச் சட்டமும் போட்டார். காய்ச்சல் வீட்டுக்கு அவரே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். மறுநாளிலிருந்து கொடுத்தார். எந்தக் கமிட்டி இதைச் செய்யும்?

பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்தர் பானுவிடம் போனாள். "பாத்தியா, எப்பேர்ப்பட்ட மனுசன்!"

"ஆமாக்கா. அவிய மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல." அக்தர் பானு குழந்தைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ ஏங்க்கா வாயத் தொறக்கல? உன் குடம் நெறஞ்சுதான இருந்துச்சு. ஒரு செம்பு சாச்சிருந்தா போதுமே."

பேராச்சி காலையில் நடந்ததை நினைத்துப் பார்த்தாள். தெரு முழுக்க நிறைகுடங்களோடு நின்றது. ஒரு செம்பு சாய்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரக்கமும் இனி அவர் கையிலிருந்துதான் வரவேண்டும் என்று தெரு நினைத்துவிட்டது. அது எப்போது நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னிடமிருந்து எதையோ எடுத்துவிட்டார்கள், வலிக்கவேயில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவரிடம் இருந்த பக்தி குறையவில்லை. பயம் அதோடு சேர்ந்துகொண்டது.

7

மழை வந்தது.

பம்பாய் மழை பெய்து, தெரு ஊறி, சாக்கடை நிறைந்து ஓடியது. சாவி ஹவில்தாரிடமே இருந்தது. கேட்க யாருக்கும் நினைவில்லை. அவருக்கும் மறந்திருக்கலாம். அவர் வாக்குத் தவறுகிற ஆளில்லை. தெருவில் எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தூறல். வரிசை நேராக நின்றது. பேராச்சி முதலில் நின்றாள். அவள் குடம் குழாய்க்கடியில் இருந்தது. பின்னால் சலசலப்புக் கேட்டுத் திரும்பினாள். சுயம்பு தலையில் ஒன்றும் போடாமல் நனைந்துகொண்டு வந்தான். நேரே ஹவில்தார் முன்னால் போய் நின்றான். அவர் நெஞ்சு உயரம்தான் இருந்தான்.

"மழ வந்துட்டு அண்ணாச்சி. சாவியக் குடுங்க."

பேராச்சி, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் புருஷனைப் பார்த்து மலைத்துப்போனாள். ஒரு தள்ளுத் தள்ளினால் விழுந்துவிடுவான். விழுவோம் என்று தெரிந்தே வந்திருக்கிறான்.

ஹவில்தார் தள்ளவில்லை. வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

"குடுத்தா என்ன செய்வ தம்பி? கூட்டம் போடுவ. கல்லெல்லாம் திரும்ப வரும். கடைசி வீட்டுக்குத் தண்ணி போவாது. இல்லன்னு சொல்லு பாப்போம்."

சுயம்பு பொய் சொல்லத் தெரியாதவன். "வந்தாலும் வரும்" என்றான். "இருந்தாலும் குடுங்க. தெருவோட சாவி."

"தெரு கேக்கட்டும், இந்தா குடுக்கேன்." ஹவில்தார் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அவர் பேராச்சியின் பக்கம் திரும்பினார். "தாயி, நீ சொல்லு. உன்ன வச்சுத்தான் எல்லாம் தொடங்குச்சு. இருன்னா இருக்கேன், போன்னா போறேன். உன் ஒரு வார்த்த போதும் எனக்கு."

8

இங்கே நிறுத்தினேன். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. "இருங்க அண்ணாச்சி" என்கிறாள். குடம் நிறைகிறது. சுயம்பு சயானைப் பார்த்து நடக்கிறான், இந்தத் தடவை திரும்பி வருவானா என்று எனக்குத் தெரி—

இரண்டு. "குடுத்துருங்க" என்கிறாள். அடுத்த வாரமே கருங்கல் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பேராச்சியின் அடுப்பு அணைகிறது. அக்தர் பானு வீட்டில் தண்ணீர் இல்லை. சுயம்பு கூட்டம் போடுகிறான். தெரு அவனைக் காறித் துப்புகிறது.

மூன்று. "என்கிட்ட மட்டும் கேட்டா எப்படி, எல்லார்கிட்டயும் கேளுங்க" என்கிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சந்திரமௌலியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவ்வளவு நேரம் ஹவில்தார் பண்ணினது தப்புன்னு எழுதிட்டு, கடைசில நீர் அதையேதான் பண்றீர் ஓய். எல்லாருக்கும் நல்லதை நீரே முடிவு பண்ணி அவ வாயில திணிச்சுட்டீர். கதைக்கு நீர்தான் ஜெனரல். நல்ல ஜெனரல்!"

அடித்துவிட்டேன். மறுபடியும் வாயடைத்துப்போனேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். அவர் சொன்னது வலித்தது. ஆனால் நல்ல ஜெனரல் வேண்டும் என்ற அவரே, நான் ஜெனரலானதைத் தப்பு என்றுதான் சொன்னார் என்பதைக் கவனித்தீர்களா?

ஆகவே பேராச்சி என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் பார்த்தபடி சொல்கிறேன்.

அவள் ஹவில்தாரைப் பார்த்தாள். நனைந்துகொண்டு நின்ற புருஷனைப் பார்த்தாள். இருவரையும் விட்டுத் திரும்பி, வரிசையைப் பார்த்தாள். ஒருவராவது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். அக்தர் பானு குழந்தையைத் தோள் மாற்றினாள். மாசானம் வாளிக்குள் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால், கையில் குடத்தோடு, இத்தனை நேரமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பது நீங்கள். உங்கள் வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஹவில்தார் நல்ல மனிதர், நீங்கள் எது சொன்னாலும் கை ஓங்க மாட்டார். சாவி அவர் உள்ளங்கையில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம்தான் வரும்.

பேராச்சியின் பார்வை ஒவ்வொரு முகமாகக் கடந்து வந்து உங்களிடம் நிற்கிறது.

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்கிறாள்.